முத்துத்தாய் அக்காவின் இழுப்பறை

எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்துக்குள் யார் வந்தாலும், ஏசி அறையில் தூசி சேரக் கூடாதென்று, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். முத்துத்தாய் அக்கா மட்டும் செருப்போடு வருவார். கேட்டால், "என் ரூம்ல ஏசியா இருக்கு, காத்தாடியே ஓடல" என்பார்.

அக்காவுக்குக் கோச்சடை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டெழுத்தில் உயர்நிலை தேறி, இங்கே அட்டை அடிக்க வந்தவர். எண்பத்திரண்டில் கணினிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு எண்பது கட்டம். நாங்கள் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அக்கா அடிப்பார், இயந்திரம் ஓட்டை போடும்.

நான் பேரையூர்ப் பக்கம். எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கணிதம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அக்காவின் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினேன்:

'தாளில் உள்ளபடியே அடிக்கவும். சொந்த யோசனை வேண்டாம். - கருத்தக்கண்ணன், பி.எஸ்ஸி.'

காரணம் இல்லாமல் இல்லை. அக்காவுக்கு முன்னால் இருந்தவர், ஒரு பேராசிரியரின் எண்களை 'அழகாக இல்லை' என்று முழு எண்களாக மாற்றிவிட்டார். அக்கா அறிவிப்பை ஒருமுறை படித்தார். "பி.எஸ்ஸி.ய இன்னும் கொஞ்சம் பெருசா எழுதிருக்கலாம் தம்பி" என்றார். அதோடு விட்டார் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சுப்பராமன் சார் வந்தார். தாவரவியல் விரிவுரையாளர். மேலூர் வயல்களில் நெல்லுக்குத் துத்தநாகச் சத்துக் கொடுத்தால் விளைச்சல் எப்படி ஏறுகிறது என்று ஐந்து வருடமாகப் பார்த்து ஆய்வேடு எழுதியவர். அன்று மாலை நான்கு மணிக்குள் கொடுக்காவிட்டால் அவருடைய பதிவு காலாவதி. எல்லாம் தயார், ஒரே ஒரு வரைபடம்தான் பாக்கி. விளைச்சலை டன்னில் போட்டிருந்தார். கிலோவில் போடு என்று வழிகாட்டி கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். எண்கள் மாறின; புது எண்களைச் செவ்வாயன்றே அக்காவிடம் அடிக்கக் கொடுத்திருந்தார். வரைபடத்தை அச்சிடும் நிரல் நான் எழுதியது, அதை மாற்றவில்லை.

அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றது. தாளைக் கிழித்தேன். புள்ளிகள் எல்லாம் சரியாக ஏறியிருந்தன. ஆனால் இடப்பக்கம் ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்க வேண்டிய ஐந்து இடங்களிலும்:

\*\*\*\*\*\*

"என்னப்பா இது, கிலோன்னு கேட்டா நட்சத்திரம் போட்டுக் குடுக்குற?" என்றார் சார்.

"மெஷின் சூடாயிருச்சு போல சார்" என்றேன். ஒரு பட்டதாரி சொல்லக்கூடாத பதில்.

மறுபடி ஓட்டினோம். மறுபடி நட்சத்திரம். அக்கா கதவருகில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆறு இருக்கா தம்பி?"

எண்ணினேன். ஆறு. அப்போதுதான் உறைத்தது. எண்ணை எத்தனை கட்டத்துக்குள் அச்சிட வேண்டும் என்று சொல்லும் அட்டையில் ஆறு கட்டம் கொடுத்திருந்தேன், தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். டன்னில் 5.00 என்பதற்கு அது தாராளம். 5000.00 என்பதற்கு ஏழு கட்டம் வேண்டும். கொள்ளவில்லை என்றால் கணினி எண்ணைத் தராது, நட்சத்திரத்தைத்தான் தரும்.

"அம்புட்டுதானா" என்று உட்கார்ந்து, புள்ளிக்குப் பின் ஒன்றுமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அடித்தார்.

இரண்டு மணிக்கு மறுபடி எங்கள் முறை வந்தது. இடப்பக்கம் ஆயிரங்கள் அழகாக நின்றன. சார் சிரிக்கத் தொடங்கியவர், கீழே பார்த்ததும் நிறுத்தினார். துத்தநாகத்தின் அளவு 0.2, 0.4, 0.6 என்று போக வேண்டிய இடத்தில் 0., 0., 1., 1., 1. என்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் நான் ஒரே அட்டையை வைத்திருந்தேன்.

"அஞ்சு வருஷமா நான் ஒண்ணுமே போடாத வயல்ல ஆராய்ச்சி பண்ணேன்னு சொல்லுவா" என்றார் சார்.

மணி இரண்டரை. நான் புதிதாக எழுதத் தாள் தேடினேன். அக்கா தன் மேசை இழுப்பறையை இழுத்து, ரப்பர் வளையம் போட்ட மூன்று அட்டைகளை எடுத்து நீட்டினார். மேலே பென்சிலில் 'சுப்பராமன் சார் - சரியானது' என்று எழுதியிருந்தது. இடப்பக்கத்துக்கு ஓர் அட்டை, கீழ்ப்பக்கத்துக்கு ஓர் அட்டை, அவற்றைச் சேர்க்கும் வரி ஒன்று.

"எப்பக்கா அடிச்சீங்க?"

"செவ்வாக்கெழம. கிலோ நம்பரெல்லாம் அடிக்கும்போதே தெரிஞ்சுச்சு, ஏழு கட்டம் ஆவுதேன்னு. நாளெல்லாம் கட்டத்த எண்ணுறவளுக்கு இது கூடவா தெரியாது?"

"சொல்லிருக்கலாம்ல?"

அக்கா சுவரைக் காட்டினார். "சொந்த யோசனை வேண்டாம்னு சார் எழுதிருக்கீங்களே."

அவர் என்னை சார் என்று அழைத்தது அன்றுதான்.

இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தேன். பதினேழு கட்டுகள். 'ஹாலாஸ்யம் சார் - சரியானது', 'நாகலக்ஷ்மி மேடம் - சரியானது'. ஆறில் என் பெயர் இருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு வரைபடம் வந்தது. சார் அதைச் சுருட்டி அக்குளில் வைத்து, செருப்பை மறந்து, வெறுங்காலோடு ஆட்டோ ஏறினார். மூன்று ஐம்பதுக்குக் கொடுத்துவிட்டாராம். திங்கட்கிழமை செருப்பு எடுக்க வந்தபோது ஒரு பொட்டலம் அல்வாவை நேராக அக்காவின் மேசையில் வைத்தார். எனக்கு அக்கா பிட்டுக் கொடுத்தார்.

அன்றே அறிவிப்பைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும் தம்பி, பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு" என்று வாங்கி, திருப்பி ஒட்டி, பென்சிலால் எழுதினார்: 'வட்டம் போட்ட இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரவும். - முத்துத்தாய்.' பெயருக்குப் பின்னால் ஒன்றும் போடவில்லை.

அதன்பின் என் தாள்கள், சந்தேகமான இடத்தில் அக்கா போட்ட வட்டத்தோடு, அடிப்பதற்கு முன்பே திரும்பி வந்தன. ஒரு வாரம் மூன்று வட்டம். இரண்டு என் தப்பு. மூன்றாவது வட்டத்துக்குள் தப்பே இல்லை என்று அரை மணி நேரம் வாதாடினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு இழுப்பறையைத் திறந்தார்.