கல்லறை மேட்டில் ஒரு போன்

டெல்ஃபியா காடில், வீட்டில் போன் அடித்தால் உடனே எடுக்கமாட்டாள். கையில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும், போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், தலையை லேசாகச் சாய்த்து மணி எப்படி அடிக்கிறது என்று கேட்பாள். பிறகுதான் எழுந்திருப்பாள். கல்யாணமாகி, மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்து ஊருக்கு வந்த காலத்துப் பழக்கம் அது. அப்போது ஓடையோரத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கம்பிதான். ஒரு வீட்டுக்கு வரும் அழைப்பு எல்லா வீட்டிலும் மணியடிக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் காடில் வீடு. மூன்று குட்டை என்றால் ஸ்டிடம் வீடு. அந்த வீட்டில் ஆள் இல்லையென்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து, விஷயத்தைக் கேட்டுவைத்து, சாயங்காலம் வேலியோரம் வந்து சொல்லிவிட்டுப் போவார். கம்பிகள் தனித்தனியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவள் காது மட்டும் மாறவில்லை.

"இந்த வீட்டுல அடிச்சா அது நமக்குத்தாண்டி. இன்னும் யாருக்குன்னு காத வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கே?" என்று கட்டிலிலிருந்து அவள் புருஷன் ஆர்லிஸ் கத்துவார். கத்தின பிறகு வெகுநேரம் இருமுவார்.

"பேசாம இருய்யா. அந்த மூச்சு இருந்தா ராத்திரிக்கு ஆகும்," என்பாள் அவள்.

ஆர்லிஸ் பாதி ஆயுளை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் குனிந்தபடி கழித்தவர். அங்கே இழுத்த தூள் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷின். வீட்டில் மின்சாரம் என்பது விளக்குக்காக இல்லை, அந்த மெஷினுக்காக. மின்சாரக் கட்டணம் அவருடைய ஓய்வூதியத்திலிருந்து போனது. "இந்தக் கட்டில்லேர்ந்து என்னைத் தூக்கினா நேரா மேட்டுக்குத்தான் தூக்கணும், நடுவுல எங்கயும் எறக்கக்கூடாது," என்று அவர் சொல்லிவைத்திருந்தார். மேடு என்றால் பள்ளத்து ஆட்களைப் புதைக்கிற கல்லறை மேடு. சரி என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

டெல்ஃபியா பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதி நேரமாக வேலை பார்ப்பவள். அவளுடைய படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. வாய் அதிகம் திறக்கமாட்டாள். கோயிலில் கடைசி பெஞ்சு, விருந்தில் எல்லோரும் எடுத்த பிறகு காலியான பாத்திரத்தைச் சுரண்டித் தனக்குக் கொஞ்சம். யாராவது "முன்னாடி வாங்க" என்றால் முகம் சிவந்துவிடும்.

ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லவேண்டும். முன்பெல்லாம் அதற்கு ஒரு அட்டை வரும். கையெழுத்துப் போட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதும். ஒரு கோடைகாலத்தில் அட்டை நின்றது. இனி எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில்தான், கணக்கைத் திறக்க ஒரு கைப்பேசி எண் கட்டாயம், அந்த எண்ணுக்கு ஒரு ரகசிய எண் வரும், வந்த சில நிமிடங்களுக்குள் அதைத் திருப்பிப் போடவேண்டும் என்று ஓய்வூதிய அலுவலகத்தில் அறிவித்தார்கள். பனி விழுவதற்குள் முடிக்காதவர்களுக்குப் பணம் நின்றுவிடும்.

பள்ளத்துக்குள் கைப்பேசி எடுக்காது. இரண்டு பக்கமும் மலை. நெடுஞ்சாலையோரக் கோபுரத்தின் சிக்னல் கல்லறை மேட்டுக்கு மட்டும் எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் எல்லாம் ஒஹையோவுக்கும் இண்டியானாவுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் கிழடுகள்தான். புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் கோயில் வாசலிலேயே கூடிப் பேசினார்கள்.

"வீட்டுக்கு ஒண்ணு வாங்கி என்ன பண்றது? பீன்ஸ் பானைக்கு மூடியா போடவா?" என்றாள் ஐசி. ஆர்லிஸின் தங்கை அவள். புருஷன் போன பிறகு பள்ளத்து முனையில் தனியாக இருக்கிறாள். பழைய வண்டி ஒன்று ஓட்டுகிறாள், அதைவிட வேகமாக வாயை ஓட்டுகிறாள்.

கோயிலில் ஜெபம் நடத்துகிற வெர்லின் ஸ்டிடம் யோசித்துப் பேசுகிறவர். "ஒரு போன் போதும். எல்லாருக்கும் பொதுவா வாங்கி மேட்டுல வச்சிருவோம். கம்பிக் காலத்துல ஒண்ண வச்சுத்தானே ஓட்டினோம்?" என்றார்.

இதில் தப்பு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினார்கள். ஆர்லிஸ் சுரங்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன அலுமினிய வாளியை டெல்ஃபியா கொடுத்தாள். வாளிக்குள் போனை வைத்து மூடி, கல்லறை வேலியோரத் தேவதாரு மரத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். சார்ஜ் போட வெர்லின் அவ்வப்போது கீழே எடுத்துவருவார்.

அந்த இலையுதிர்காலம் மேடு கலகலப்பாக இருந்தது. செத்தவர்களைப் பார்க்க வருகிறவர்களைவிட ரகசிய எண் வாங்க வருகிறவர்கள் அதிகம். மூச்சு வாங்க ஏறிவந்து, ஏதாவது ஒரு கல்லறையில் சாய்ந்து, கண்ணாடியைத் தேடி, எண்ணைத் தேடி, அதற்குள் நேரம் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து.

"பிரதர் வெர்லின், இப்ப வந்ததே, அது உங்களுக்கா எனக்கா?"

"உனக்கு நாளைக்குன்னுதானே பேச்சு, ஐசி?"

"எங்க மாமியார் கல்லு மேல உக்காந்திருக்கீங்க. அவ உயிரோட இருந்தப்ப யாரையும் இப்படி உக்கார விட்டதில்ல. கிழவி எழுந்து கேக்கறதுக்குள்ள சீக்கிரம் அமுக்குங்க!"

ஒவ்வொரு வீடாகக் கணக்குத் திறந்தது. டெல்ஃபியா ஒவ்வொரு முறையும் விலகி நின்றாள். நீங்க முடிங்க, நீங்க முடிங்க என்று சொல்லிச் சொல்லி, ஆர்லிஸின் கணக்கு கடைசிக்கு வந்தது. பனி விழப்போகிற ஒரு மத்தியானம் ஐசியோடு ஏறிப்போனாள். ஐசி எண்ணைப் போட்டாள். ரகசிய எண் வரவில்லை. இந்த எண் பல கணக்குகளில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, உதவிக்கு அழைக்கவும் என்று வந்தது.

இறங்கும்போது ஐசி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரு டெல்ஃபியா. நாளைக்கு அவங்ககிட்ட பேசும்போது போன் உங்க வீட்டுதுன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. ஒனக்குத்தான் பேசாம இருக்க நல்லா வருமே."

மறுநாள் காலையிலிருந்து டெல்ஃபியா வீட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சோளரொட்டி அடுப்பில் கருகியது. ஒருவழியாக லைனில் ஒரு பெண் வந்தாள், குரலைக் கேட்டால் சின்ன வயசு. முதலில் கணக்குக்காரரே பேசவேண்டும் என்றாள். டெல்ஃபியா போனைக் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போய் ஆர்லிஸின் வாயருகே பிடித்தாள்.

"ஆர்லிஸ் காடில்... நாந்தாம்மா. உயிரோடதான் இருக்கேன். செத்தவன்... இப்படி இருமமாட்டான்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். மனைவி பேசட்டும் என்று அவரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டாள். பிறகு டெல்ஃபியாவிடம், "இதைச் சரிபண்ணிடலாம்மா. ஒரே ஒரு கேள்விதான். இந்த நம்பரை உங்க வீட்டு ஆளுங்க மட்டும்தானே யூஸ் பண்றீங்க?" என்றாள்.

டெல்ஃபியா ஆர்லிஸின் மூக்குக் குழாயைப் பார்த்தாள்.

"'ஆமா'ன்னு சொன்னீங்கன்னா நான் இப்பவே திறந்துவிட்டுடுவேன்மா," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

டெல்ஃபியாவுக்கு அந்தப் போன் கண்ணில் தெரிந்தது. வெர்லின் தன் சட்டையில் துடைத்து வாளிக்குள் வைப்பது தெரிந்தது. அதைத் தன்னுடையது என்று சொல்வது, பொதுப் பாத்திரத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதுபோல் பட்டது. பொய் சொன்னால் பாவம் என்ற யோசனைகூட அப்போது வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"இல்லம்மா. அது எங்க எல்லாருக்கும் பொது. இந்தப் பள்ளத்துல இருக்கிற எல்லாரும் அதுலதான் போட்டிருக்கோம்."

"ஐயோ, அம்மா," என்றாள் அந்தப் பெண். "இந்தப் பேச்செல்லாம் பதிவாகுது. நான் இதை எழுதித்தான் ஆகணும்."

டெல்ஃபியா போனை வைத்த பிறகு ஆர்லிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஒரு 'ஆமா'தானேடி," என்றார்.

அடுத்த மாதம் பள்ளத்தில் ஒருவருக்கும் பணம் வரவில்லை. ஒரே எண்ணில் இத்தனை கணக்கு இருந்தால் அது மோசடிக்காரன் வேலையாகத்தான் இருக்கும் என்று எல்லாக் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு டெல்ஃபியாவுக்கென்றே காலியாக இருந்தது. பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. வெர்லின் வாசலில் நின்று கை கொடுத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது.

"உண்மை சொன்னது தப்புன்னு நான் எப்படி சொல்லுவேன், சிஸ்டர்? பைபிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன்," என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் சமாளித்துவிட்டார்கள். பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்து, நகரத்து அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிப்போய் முகத்தைக் காட்டவைத்தார்கள். ஒவ்வொரு பூட்டாகத் திறந்தது. ஆர்லிஸுக்கும் டெல்ஃபியாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆர்லிஸால் வாசல்வரைகூட நடக்கமுடியாது.

ஐசி அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அலுவலகத்தில் டெல்ஃபியா டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"புரியுதும்மா. ஆனா அவரே வரணும்."

"எங்க அண்ணன் வந்தா உங்க நாற்காலியிலயே உயிர் போயிடும். பரவாயில்லையா?" என்றாள் ஐசி.

"வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்புவோம். பேர் எழுதிக்கிறேன். வசந்தகாலம் ஆயிடும். எப்ப வர்றோம்னு உங்க கைப்பேசிக்குத் தகவல் வரும்."

ஐசி பேச வாயெடுத்தாள். டெல்ஃபியா அவள் முழங்கையைத் தொட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஐசி திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினாள். அலுவலகத்தைத் திட்டினாள், கோபுரத்தைத் திட்டினாள், கடைசியில் டெல்ஃபியாவையும் திட்டினாள். "வாழ்நாள் பூரா ஊமையா இருந்துட்டு, பேசக்கூடாத ஒரே நாள்ல பேசியிருக்கே பாரு!" சொன்ன பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதாள். டெல்ஃபியா அழவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, எதிரே வந்த கரி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்ஃபியா பார்த்த பகுதி நேர வேலைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. அதையும், ஐசியால் முடிந்ததையும் வைத்துக் கொஞ்ச நாள் ஓடியது. வெர்லின் ஒருநாள் இருட்டும் வேளையில் வந்து, கதவைத் தட்டாமல், ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கூப்பிடவில்லை. மின்சாரக் கம்பெனியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது, பிறகு இரண்டாவது. மாதாமாதம் ஆர்லிஸைப் பார்க்க வருகிற நர்ஸின் கண்ணில் மேஜைமேல் கிடந்த அந்தக் காகிதம் பட்டுவிட்டது.

"கரண்ட் எப்ப போகும்னு தெரியாத வீட்டுல இவர் இருக்கலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா," என்றாள் நர்ஸ். அவளும் நல்ல பெண்தான்.

பனி பெய்துகொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. கட்டிலிலிருந்து தூக்கும்போது ஆர்லிஸ் டெல்ஃபியாவைப் பார்த்தார். "மேட்டுக்கா?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரா, நினைவு தப்பிக் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இல்லய்யா. கொஞ்ச நாளைக்கு டவுனுக்கு," என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷினை நிறுத்தினார்கள். அந்த முனகல் நின்றதும் வீடு எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரிந்தது.

வசந்தகாலத்தில் ஓய்வூதிய அதிகாரி, ஆர்லிஸைச் சேர்த்திருந்த டவுன் முதியோர் இல்லத்துக்கே வந்தார். படுக்கையருகே நின்று ஆர்லிஸின் முகத்தைப் பார்த்தார், பேரைக் கேட்டார், வேலை முடிந்துவிட்டது. ரகசிய எண் வரவேண்டிய கைப்பேசி எது என்று டெல்ஃபியா கேட்டாள். இல்லத்துக்காரர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டார்களாம். அங்கே படுத்திருக்கும் எல்லோருக்கும் அதே எண்தான்.

"ஒரே எண்ணை எல்லாருக்கும் போடலாமா?" என்று கேட்டாள்.

"நிறுவனம்னா போடலாம்மா," என்றார் அதிகாரி.

ஆர்லிஸ் இன்னும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறார். ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக இல்லம் அதை எடுத்துக்கொள்கிறது. அதனால் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து மின்சாரம் கட்ட வழியில்லை. வியாழக்கிழமைகளில் ஐசி வண்டியில் டெல்ஃபியா போய்வருகிறாள். சில நாள் அவர் பேசுவார், சில நாள் பேசமாட்டார். மேட்டில் வாளி அதே மரத்தில் தொங்குகிறது, உள்ளே போன் இல்லை. வீட்டில் போன் அடித்தால் இப்போது யாருக்கென்று காது கொடுக்காமல் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.