கவிஞன் வெயிலில் தொங்கவிட்ட மீன்

எயிலெர்ட் மீர்வாங் எனக்கு எட்டு மாத வாடகை தரவேண்டியிருந்தது. மூவாயிரத்து இருநூறு குரோனர். நார்வேயின் லோஃபோத்தன் தீவில், என் மீன் கிடங்குக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தான். கலங்கரை விளக்கக் காவலரின் மகன். சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போய் லிஸ்பனில் மொழியைப் பிடித்துக்கொண்டவன். கவிதை எழுதுவான், போர்த்துகீசியக் கவிதைகளை நம் மொழிக்குக் கொண்டுவருவான். நானோ பத்து வயதில் காட் மீன் நாக்கை அறுத்து விற்றுத் தொடங்கியவன். இன்று இந்தத் துறையில் மீன் காயும் மரச்சட்டங்களில் பாதி என்னுடையவை.

"ஜூன்ல மீனை இறக்குறப்போ நீயும் இறங்கிடணும். இத்தாலிக்காரன் ஒருத்தன் அறை கேக்குறான்" என்றேன்.

"புத்தகம் முடியலயே முதலாளி. ஒஸ்லோவுல ஆபீஸ் வேலைக்குப் போனா அது பாதியிலயே நின்னுடும்."

"அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிற? படி, கேப்போம்."

தூண்டிலுக்கு இரை கோக்கும் பெண்களிடம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எதையும் முடிப்பான். அன்று படித்தது ஒரு போர்த்துகீசியக் கவிதையின் மொழிபெயர்ப்பு. அதில் ஜூலை மாதம் ஒரு விதவை சட்டத்தில் மீனைத் தொங்கவிடுகிறாள்; மத்தியானம் புருஷன் நினைவில் எழுந்து ஓடுகிறாள்.

"ஜூலையிலயா? ஈ மொய்ச்சுப் புழு வெச்சிடும்டா!" என்றேன்.

இரை கோத்துக்கொண்டிருந்த யோருன் அதைக் கீழே போட்டுச் சிரித்தாள். "அந்த விதவை நம்ம முதலாளிகிட்ட வேலை பாத்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

எயிலெர்ட்டின் முகம் விழுந்துவிட்டது. "மூலத்துல அந்தக் கவிஞர் 'காயவைக்கிறா'ன்னுதான் எழுதியிருக்காங்க. தொங்கவிட்டது நான்தான்."

எங்கள் ஊர்க்காரன் வேறெப்படி நினைப்பான்? நான் சரக்கு விற்கப் போர்ச்சுகலுக்கு இருமுறை போனவன்; என்னைவிட யாருக்குத் தெரியும்?

"உப்புப் போட்டு தட்டியில பரப்புவாங்க. உச்சி வெயில் வந்தா மீன் வெந்துடும், ஓடிப்போய் மூடணும்" என்றேன்.

"அதான் அவ மத்தியானம் ஓடுறாளா! புருஷன் ஞாபகத்துல ஓடுறான்னுல்ல எழுதி வெச்சேன்!"

உடனே மாடிக்கு ஓடினான். மறுநாள் திருத்தியதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. யோருன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏழு வருடம் பள்ளிக்கூடம் போன நான் திருத்திய கவிதை அது. இத்தாலிக்காரனிடம் அறை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பரில் புத்தகம் வந்தது. நூலகங்களுக்காக அரசாங்கமே ஆயிரம் பிரதி வாங்கியது. எட்டு மாத வாடகை அதற்குள் பதின்மூன்று மாதமாகியிருந்தது.

"கையை நீட்டுங்க முதலாளி."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"நீட்டுங்கன்னா!"

நூறு நூறாக, ஐம்பத்திரண்டு தாள்களை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான்.