ஏலக்காய் ஸ்டோரில் வெந்த ஒயின்

என் தங்கையின் கணவர் பிரெஞ்சுக்காரர். போர்தோ பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம். இந்த முறை போடிக்கு வந்தபோது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை பிறந்த வருடம் அவர் அப்பா போட்டது. அப்பா இப்போது இல்லை. அந்த ஒயினில் மிஞ்சியதும் இந்த இரண்டுதான்.

"ஒண்ணு ஒனக்குண்ணே. குளுமையான எடமாப் பாத்து நிறுத்தி வை. வண்டல் அடியில தங்கணும்" என்றாள் தங்கை.

அம்மாவுக்குக் குடி வாடையே ஆகாது. அதனால் என் பாட்டிலை அன்றே ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில், சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். காயை உலர்த்தும் அடுப்பு அப்போது அணைந்திருந்தது. கல்சுவர் சில்லென்றிருந்தது. மறுநாளே பச்சைக்காய் லோடு வந்து இறங்கியது. அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னதும் நான்தான். பாட்டில் நினைவே வரவில்லை.

அடுத்த வாரம் இருவரும் தோட்டத்து வீட்டுக்கு வந்து தங்கினார்கள். "ஒன் பாட்டிலயே மொதல்ல தெறப்போம்ணே" என்றாள். எடுக்கப் போனால் பாட்டில் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. தக்கை மேலே எழும்பி, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. நான் அதைத் துடைத்து, குழாய்த் தண்ணீரில் குளிரவைத்து, ஒன்றும் நடக்காதது போலக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாப்பிள்ளை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். பிறகு குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று தமிழில் சொன்னார். எனக்கோ அது வெல்லப்பாகில் போட்டுக் காய்ச்சிய நாவல்பழம் போலிருந்தது.

தங்கை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத எங்கண்ணே வச்சிருந்தே?"

"ஸ்டோர்ல."

"அடுப்பு எரிஞ்சுச்சா?"

தலையாட்டினேன். அவள் அவரிடம் பிரெஞ்சில் சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். மற்ற பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"வேணாம் மாப்ளே. அது ஒங்களுக்குன்னு இருக்கட்டும்."

அவர் சொன்னதைத் தங்கை தமிழில் சொன்னாள்: "அவங்கப்பா ஒயினு இப்பிடித்தான்னு நீ நெனச்சிரக் கூடாதாம்."

வண்டல் கலங்காமல் மெல்லச் சாய்த்து ஊற்றினார். ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் லேசான துவர்ப்பு. அப்புறம் உலர்ந்த பழம், புகையிலை, மழை நனைத்த மரப்பட்டை. விழுங்கிய பின்னும் வெகுநேரம் நாக்கில் நின்றது. அத்தனை நன்றாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வாயிலும் நான் வேகவைத்தது என்னவென்று தெரிந்தது.

"மன்னிச்சிருங்க மாப்ளே" என்றேன். என் தோளைத் தட்டினார். எங்கள் க்ளாஸ்களை நிரப்பிவிட்டு, தன் க்ளாஸில் முதல் பாட்டிலைச் சாய்த்தார்.

"அது கெட்டுப்போச்சுல்ல, கொட்டிருவோம்" என்றேன்.

"அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை நிதானமாகக் குடித்தார்.