டின்மீன் வீடு

எங்கள் ஊரில் மீன் வாங்குகிற வீடு என்றால் கடலுக்குப் போக ஆள் இல்லாத வீடு. வாத்தியார் வீடாக இருக்கும். இல்லாவிட்டால் விதவை வீடாக இருக்கும். மற்ற வீடுகளுக்கு மீன் தானாக வரும். படகு கரைக்கு வந்ததும், விற்கிறதை ஒதுக்குமுன்னமே, போனவர்களின் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்துப் போடுவார்கள். அதைக் கறிமீன் என்போம். கறிமீனை யாரும் நிறுப்பதில்லை.

கற்பிட்டிப் பக்கத்துக் கரை எங்களுடையது. என் புருசன் சண்டைக் காலம் முழுக்கக் கடலுக்குப் போய்ப் பத்திரமாக வந்தவர். அப்போது நேவியின் பாஸ் இல்லாமல் போக ஏலாது. தூரமும் விடமாட்டார்கள். சண்டை முடிந்ததும் கடலைத் திறந்து விட்டார்கள். எல்லாரும் தூரத்துக்குப் போனார்கள். அவரும் போனார். ஒருநாள் படகு வந்தது, அவர் வரவில்லை. காற்றில் விழுந்து விட்டார் என்றார்கள். பல படகுகள் போய்த் தேடின. ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் நானும் மாமியும் மகளும். மாமி அவருடைய தாய். மகள் அப்போதுதான் சோறு தின்னத் தொடங்கியிருந்தாள். மாதா கோயில் சுவாமியார் வந்து செத்தவருக்கான பூசை வைப்பதைப் பற்றிக் கதைத்தார். மாமி வேண்டாம் என்றுவிட்டார்.

"பொணத்தக் கொண்டுவாங்க சாமி. அப்ப பூச வைப்பம்."

அவர் போன படகின் சொந்தக்காரர் சம்மாட்டி. நல்ல மனுசன். கொஞ்சக் காலம் எங்களுக்குக் கறிமீன் அனுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு என் புருசனின் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார். கறிமீன் அந்த ஆளின் வீட்டுக்குப் போனது. அதுதான் முறை. அதில் யாரையும் குறை சொல்ல ஏலாது.

மீன் வராத அன்றைக்கு மாமி பழப்புளி கரைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. நான் பையை எடுத்தேன்.

"எங்க போற?"

"கரைக்கு மாமி. மீனுக்கு."

"காசுக்கா?"

நான் சில்லறையை எண்ணிப் பையில் போட்டேன்.

"இந்த வீட்டுக்கு மீன் காசுக்கு வரப்படாது. நீ காசு குடுத்து வாங்கினா அவன் இல்லையெண்டு ஊருக்குச் சொல்லுற மாதிரி. அவன் வந்தா கொண்டுவருவான். அதுவரைக்கும் வேணாம்."

"கருவாடு?"

"கருவாடென்ன மரத்திலயா காய்க்குது? அதுவும் கடல்தான்."

பையை ஆணியில் மாட்டினேன். அன்றைக்குப் பருப்பு.

அதற்குப் பிறகுதான் டின்மீன் வந்தது. டின்மீன் எங்கட கடல் இல்லை, அது பரவாயில்லை என்று மாமி சொன்னார். அதை ஏன் அப்படிப் பிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

சந்தியில் ஒரு முஸ்லிம் நானா கடை வைத்திருந்தார். முன்னுக்குப் பலகை, மேலே தகரம். எனக்குப் பிடித்த கடை என்றால் அதுதான். நான் பல கடை பார்த்துவிட்டேன், வெளிநாட்டுக் கடையும் பார்த்துவிட்டேன். இருந்தும் அதுதான். சீனியைப் பேப்பரில் சுற்றித் தருவார். எண்ணெய்க்குப் போத்தல் நாங்கள் கொண்டுபோக வேண்டும். பேக்கரியிலிருந்து பாண் வரும் நேரத்துக்கு எல்லாரும் அங்கே நிற்போம். கதை எல்லாம் அங்கேதான்.

"கடக்கரையில குடியிருந்துகொண்டு டின்மீன் திங்கிற சனம் உலகத்திலயே நீங்கதான்டி," என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். "மீனுக்கும் உங்களுக்கும் கோவமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு டின்மீன் வீடு என்று பேர் வந்தது அப்படித்தான். மாமியின் சட்டம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள். எங்களுக்கு மீன் தரவும் பயந்தார்கள். மகள் மற்ற வீட்டில் கை நனைக்க மாமி விடமாட்டார்.

நானாவும் ஒருநாள் பகிடி விட்டார். டின்னைத் தட்டிக் காட்டினார்.

"இந்த மீன் மௌத்தாகி எத்தின வருசமோ தெரியா, தங்கச்சி. மையித்தத் தகரத்துக்க போட்டு அனுப்புறானுகள்."

மையித்து என்றால் பிணம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. சீனி நிறுக்கும்போது தட்டு இறங்கின பிறகும் ஒரு கரண்டி போட்டார்.

வருமானம் இல்லை. நான் குவைத்துக்குப் போனேன். வீட்டு வேலை. மகளை மாமியிடம் விட்டேன்.

அங்கே வீட்டுக்காரியை மாமா என்று கூப்பிட வேண்டும். பொம்பிளையை மாமா என்று கூப்பிட முதலில் வாய் வரவில்லை. பழகிவிட்டது. கிழமைக்கு ஒருக்கா ஜமியாவுக்குக் கூட்டிப்போவா. ஜமியா என்றால் பெரிய கடை. உள்ளே குளிர். நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். அவ விலை பார்க்காமல் எடுத்துப் போடுவா. தக்காளி, பழம், பாற்கட்டி, இறைச்சி. வண்டி நிறைந்து வழியும். அடுத்த கிழமை அதில் பாதியை நான்தான் குப்பையில் போடுவேன். பிறகு திரும்பப் போய் அதையே வாங்குவோம்.

வெளியே போவது அது ஒன்றுதான். அதனால் எனக்கு அந்தக் கடை பிடித்தது.

மூலையில் பக்காலா என்று ஒரு சின்னக் கடையும் இருந்தது. கடைக்காரன் மலையாளி, தமிழ் கதைப்பான். முதல் நாள் நான் அவனிடம் பாண் இருக்கா என்று கேட்டேன். அவன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"சேச்சி, மெதுவா. அதெல்லாம் இங்க விக்கக் கூடாது. போலீஸ் பிடிக்கும்."

"பாணுக்கா பொலிஸ்?"

"பின்ன? வெத்தில பாக்கு இங்க தடை."

எங்கள் ஊரில் பாண் என்றால் ரொட்டி. நான் அதைக் கையால் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்டில் நான் சிரித்தது எனக்கு ஞாபகம் உள்ள அளவில் அதுதான்.

ஜமியாவில் மீனுக்குத் தனி இடம். ஐஸில் வரிசையாக வைத்திருப்பார்கள். மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பா. மீன் பார்க்கிறது என் வேலை. நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணைப் பார்ப்பேன். விரலால் அமத்திப் பார்ப்பேன். வவ்வால், கலவாய், கட்டா. எல்லாம் எனக்குத் தெரிந்த மீன்தான், பேர்தான் வேறு. வெட்டுகிற ஆள் என்னைக் கண்டால் பழைய மீனைக் கீழே தள்ளி மறைப்பான். நான் எடுத்த மீனில் ஒருநாளும் பழுது இருந்ததில்லை.

மாமா மற்ற வீட்டுப் பெண்களிடம் சொல்லுவா, என்னுடைய ஆளுக்கு மீன் தெரியும் என்று. அந்தளவு அரபு எனக்கு விளங்கும்.

மீனைக் கழுவி, மசாலா தடவி, சோற்றோடு சமைப்பேன். மாமா ஒரு துண்டு எனக்கென்று வைப்பா. நான் அதைச் சாப்பிடவில்லை. அதுவும் காசுக்கு வாங்கின மீன். அந்த வீட்டில் வேலை செய்த இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன். அவள் எத்தியோப்பியாக்காரி. மாமா கண்டுபிடித்துவிட்டா. மீன் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டா. ஓம் என்றேன். அதற்குப் பிறகு கோழி வைத்தா.

இரண்டு தரம் ஒப்பந்தம் முடித்துத்தான் வந்தேன். மகள் வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டு மாமியின் சீலைக்குப் பின்னால் போனாள். பெட்டியைத் திறந்தேன். பால்மா, சவர்க்காரம், இனிப்பு. அடியில் டின்மீன். ஜமியாவில் மலிவாகப் போட்ட நாள் வாங்கினது. மாமி ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினார். அங்கே ஏற்கெனவே நானா கடை டின் இருந்தது.

சாமான் வாங்கப் புத்தளம் ரவுனுக்கு மூவரும் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்று வந்திருந்தது. உள்ளே அதே குளிர். அதே தள்ளுவண்டி. மகளை அதில் இருத்தித் தள்ளினேன். பின் மூலையில் ஐஸில் மீன் கிடந்தது.

நான் நின்றேன். இங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது. பையில் போட்டுக் கட்டினால் ஊரில் யாரும் காணமாட்டார்கள். மாமி என் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து மீனைப் பார்த்தார்.

"கண் உள்ளுக்குப் போயிட்டுது. உனக்குத் தெரியல்லையா?"

"தெரியுது மாமி."

"பின்ன ஏன் நிக்கிற? நட."

பஸ்ஸில் மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள். பாலாவி உப்பளம் கழிந்த பிறகு மாமி கதைத்தார்.

"அங்க நல்ல மீன் கிடைச்சிருக்குமே."

"ஓம்."

"என்ன மீன்?"

"வவ்வால். கலவாய். பெரிய கட்டா."

"கட்டாவா? நல்லாத்தான் திண்டிருக்கிறாய். எங்கட கட்டாவின்ர ருசி இருக்கா?"

"தெரியாது மாமி."

"தெரியாதெண்டா?"

"சாப்பிடல்ல."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒருநாளுமா?"

"ஒருநாளும் இல்ல."

"நான் வீட்டுக்கெல்லோ சொன்னன். அங்க உன்ன ஆரு பாக்கிறது?"

மாமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்து மணிக்கட்டை அமத்திப் பார்த்தார். நான் மீனைப் பார்க்கிற மாதிரி. எலும்புதான் இருந்தது. விட்டுவிட்டார்.

விடியப் பார்த்தால் ஆணியில் பை இல்லை. மாமியும் இல்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமி கரையில் படகுக்குப் பக்கத்தில் நின்றார். சம்மாட்டி அவரைக் கண்டதும் எழும்பி வந்தார். ஒரு பாரை மீனைச் செவுளில் பிடித்துத் தூக்கி நீட்டினார்.

"கொண்டு போங்க அக்கா. கறிக்கு."

"கறிமீன் எடுக்க எங்கட வீட்டில ஆளில்ல தம்பி. நிறுத்துத் தா."

"என்னக்கா, எனக்கிட்டப் போய்..."

"நிறு."

அவர் தராசில் நிறுத்தார். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் உதறுவதை விட்டார்கள். சம்மாட்டி விலையைக் குறைத்துச் சொன்னார்.

"குறைக்காத. மத்தவங்களுக்குச் சொல்லுறதைச் சொல்லு."

மாமி சேலை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார். மீன் பெரிது. வால் பைக்கு வெளியே தெரிந்தது. மாமி அதை மறைக்கவில்லை. ஊருக்கு நடுவால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

பழப்புளி முடிந்திருந்தது. நானா கடையில் நின்றோம். எங்களைக் கண்டதும் அவர் கேளாமலே டின்மீனுக்குக் கை நீட்டினார்.

"டின் வேணாம். புளி தாங்க," என்றார் மாமி.

நானா பையைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். தலையில் தொப்பியைச் சரிசெய்தார்.

"இன்னாலில்லாஹி," என்றார்.

சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்லுகிற சொல் அது. எங்கள் வீட்டுச் சாவுக்கு முதலில் சொன்னவர் அவர்தான். மாமி தலையை ஆட்டினார். புளியை வாங்கிக்கொண்டு வந்தோம்.

நான் மீன் வெட்டினேன். மாமி தேங்காய் துருவினார். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. கறி கொதிக்கும்வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குச் சோறு போட்டு ஒரு துண்டு வைத்தோம். அவள் அதை அப்படியே வாயில் போட்டு மென்றாள். டின்மீனை அப்படித்தான் தின்பாள். அதில் முள் மாவாக இருக்கும். மாமி பாய்ந்து அவள் தாடையைப் பிடித்தார்.

"துப்பு, துப்பு. இது டின்மீன் இல்ல. முள்ளுப் பாத்துத் தின்னோணும்."

வாய்க்குள் விரலை விட்டு முள்ளை எடுத்தார். நீட்டு முள். அதைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். மகள் இரும இரும முதுகைத் தடவினார்.

"கடக்கரைப் பிள்ளைக்கு முள்ளெடுக்கத் தெரியல்ல. உங்கப்பன் இருந்திருந்தா சொல்லித் தந்திருப்பான்."

அதுவரைக்கும் மாமி, அவன் வந்தா, என்றுதான் சொல்லுவார்.

எனக்கும் கோப்பை வைத்தார். தலைத் துண்டை எனக்குப் போட்டார். நான் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன்.