எண்ணூர் முகத்துவாரத்தில் பிடித்த இரண்டு பாட்டில் தண்ணீர்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை எண்ணூர் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, தண்ணீர் பிடிக்க. "ஏன், காசிமேட்டுல தண்ணி இல்லியா?" என்றாள் அக்கா. காசிமேட்டுக் கடலோரம் வாழும் ராயபுரத்துக்காரி வேறென்ன கேட்பாள்!

உயிர் எப்படித் தோன்றியது என்று தேடும் ஆய்வகத்தில் நான் முனைவர் பட்ட மாணவி. எண்ணூர் முகத்துவாரத் தண்ணீரில் சில எளிய வேதிப்பொருள்களைக் கலந்து, ஓதம் ஏறி வற்றுவதுபோல நனைத்துக் காயவைத்து வருகிறோம். அந்தக் கஷாயத்தை என்.எம்.ஆர். கருவிக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் பொருள்கள் திரையில் முகடுமுகடாக எழும். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.க்கு இது அக்கா முறை. அந்த முகட்டுக் காட்டில் ஒரு குட்டி முகடு கண்டேன். இரண்டு அமினோ அமிலங்கள் கைகோத்த துண்டு, அதாவது புரதத்தின் முதல் படி!

"இறால் வாழுற தண்ணி, அதுலயே இருந்திருக்கும். இல்லேன்னா யாரோட கை அழுக்கோ" என்றார் என் வழிகாட்டி. எதுவும் கலக்காத அதே தண்ணீரைச் சோதித்தாக வேண்டும். அதிலும் அந்த முகடு இருந்தால் என் மூன்று வருட உழைப்பு அம்போ.

ராயபுரத்தில் காலை ஆறரை மணி வாக்கில் ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். திருவொற்றியூர் வழியாக அரை மணியில் எண்ணூர். அங்கிருந்து முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். படகுக்கு ஐந்நூறு, முன்னாலேயே பேசிவிடுங்கள். படகுக்காரர் அந்தோணி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா தங்கச்சி, ஒண்ணும் போடாத தண்ணிக்கா இம்மாந்தூரம் வந்துகீறே?" என்று சிரித்தார்.

அனல் மின் நிலையப் புகைபோக்கிகளின் அடியில் சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறி பல்லில் தொங்கியது. வெறும் உப்பும் சேறுமாகக் கிடந்த பூமியில் இந்தக் கை எப்படி வந்தது, அந்த இறால் எப்படி வந்தது?

என்னிடம் இரண்டு கண்ணாடி பாட்டில்கள். அமிலத்தில் கழுவி, அடுப்பில் சுட்டு, அலுமினியத் தாள் சுற்றியவை. நான் கையுறை மாட்டுவதற்குள் அண்ணன் ஒன்றை எடுத்துத் திறந்து, விரலை உள்ளே விட்டு அலசி, லுங்கி முனையால் துடைத்து, தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"பாட்டிலு கலீஜா கீதுன்னா தண்ணியும் கலீஜாயிடும்ல?"

அவர் படகில் எந்தப் பாத்திரமானாலும் அலசாமல் மொள்ளக் கூடாதாம். விரல் பட்ட பாட்டில் இனிச் சோதனைக்கு ஆகாது. இரண்டாவதை நானே பிடித்தேன். முதலாவதைக் கொட்ட மனம் வரவில்லை. அவர் முகத்தில் அத்தனை பெருமை.

"ரெண்டையும் கருவியில ஓட்டு" என்றார் வழிகாட்டி, ஆய்வகம் திரும்பியதும். என் பாட்டிலில் கழிமுகத்துச் சரக்கு மட்டும் தெரிந்தது. அண்ணன் பாட்டிலிலோ அதற்கு மேல் தேங்காய் எண்ணெய், சோப்பு என்று அவருடைய காலை நேரமே திரையில் எழுந்து நின்றது. ஒரு விரல் பட்டதைக்கூட விடாத கருவி அது. பிறகு என் முகடு இருக்க வேண்டிய இடத்தைப் பெரிதாக்கினேன். இரண்டிலும் வெறும் தட்டைக் கோடு. தண்ணீரிலும் இல்லை, கை அழுக்கிலும் இல்லை. அப்படியானால் அது எங்கள் குடுவையில்தான் பிறந்திருக்கிறது! வழிகாட்டி என் தோளைத் தட்டினார்.

நீங்களும் தண்ணீர் எடுக்கப் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள், தொப்பி அவசியம். இரண்டு பாட்டில் கொண்டுபோய், ஒன்றைப் படகுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

முடிவு தெரிந்த அன்று மாலையே அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்க புடிச்ச தண்ணில ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன்.

அண்ணன் உச்சுக் கொட்டினார்.

"பேஜாரா பூட்ச்சேம்மா. நாளைக்கி வா, வேற எடத்துல மொண்டு தரேன். துட்டு வாணாம்."