பாவ் காப்பி சொன்ன விலை

1. முதல் நாள்

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் சிறிய இடம். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்திலேயே என் மானம் போயிற்று.

முதலாளி மணி சார் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏம்மா, நேத்தி பாவ் காப்பியைக் கொஞ்சம் எடுத்துண்டு வா."

நான் பி.காம். படித்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பாவ் ரொட்டி தெரியும், காப்பி தெரியும். நேற்றைய பாவ் எதற்கு என்றுதான் புரியவில்லை. சிலருக்குப் பழைய பாவைக் காப்பியில் முக்கிச் சாப்பிடப் பிடிக்குமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதுப் பாவைத்தான் கட்டிக் கொடுத்தார்.

"சார், நேத்துப் பாவ் இல்லியாம். இன்னைக்கு உள்ளதுதான் கிடைச்சுது" என்று காப்பியோடு மேஜையில் வைத்தேன்.

மணி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவ்னா ஹிந்தில ரேட்டும்மா, காப்பின்னா நகல். ஒவ்வொரு நாளும் எந்த ஷேர் என்ன விலைக்குப் போச்சுன்னு சாயங்காலம் எக்ஸ்சேஞ்சு ஒரு ஃபைல் போடுவான். அதான் பாவ் காப்பி."

அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயரே பாவ் காப்பி. தினமும் அந்த ஃபைலை இறக்கி சாரின் ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைப்பது என் வேலைகளில் ஒன்றாயிற்று. வருடக்கணக்கான ஃபைல்கள் அதில் இருந்தன. ஒருவரும் திறப்பதில்லை. "எல்லாம்தான் வெப்சைட்ல இருக்கே சார்" என்று கேட்டேன். "இருக்கட்டும், நம்மகிட்டயும் இருக்கட்டும்" என்பார்.

2. இசக்கி அக்கா

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் எதையும் ஒரு முறை பார்த்து நம்புகிறவள் அல்ல. கேஸை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது பாட்டில் லேபிளை ஒவ்வொரு முறையும் படிப்பேன். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் வருகின்றன. வீரியம் வேறு. இதில் உள்ள அளவை அதில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயம். "நீ ஒரு வவுச்சரை எத்தனை தடவை பாப்பே?" என்று மணி சாரே பல நாள் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

இசக்கி அக்காவை அந்த ஆபீஸுக்குக் கூட்டி வந்தது நான்தான். தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். ஐந்து மெஷின். ஒரு பெரிய கம்பெனிக்கு வருடக்கணக்காகப் பை தைத்துக் கொடுத்துவந்தார். அந்தக் கம்பெனியின் ஷேரையே 2018-க்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியும் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "அவிய துட்டு தர மூணு மாசம் இழுத்தடிப்பாவ. அந்தக் கம்பெனில நானும் ஒரு பங்காளின்னா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்லா" என்பார்.

போன வருடம் அந்த ஷேரில் பாதியை, ஆயிரத்து ஐநூறை, ஷேர் ஒன்று எண்ணூற்று அறுபது ரூபாய் விலையில் விற்றார். பட்டறையை ஒட்டிய இடத்தை வாங்கிப் போட்டார். மிச்சப் பணத்தில் ஆறாவது மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை மெஷின் வந்து இறங்கும், அன்றே முழுப் பணமும் கொடுக்க வேண்டும்.

ஜூலை மாதம், ரிட்டர்ன் போடும் நெருக்கடி. புதன்கிழமை அக்கா வந்தார். மணி சார் கணக்கை முடித்து வைத்திருந்தார்.

"வரி முப்பத்து மூவாயிரத்து இருநூத்தி எண்பது வரதும்மா."

அக்கா சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏளா, அது ஒரு மெஷினு வெலல்லா!"

"கவர்ன்மென்டுக்குக் கட்டித்தானே ஆகணும்" என்றார் சார்.

"கட்டுதேன் சார். கட்டமாட்டேன்னா சொன்னேன்? காலிபீலியா, சும்மா போயி, புது மெஷின நம்பி ஆர்டர வேற ஒத்துக்கிட்டேன்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மெஷின்காரன்ட்ட வேண்டாம்னு நாளைக்குச் சொல்லிருதேன். அட்வான்ஸ் போவும், போட்டும்."

கூட்டி வந்தவள் நான். அவர் படியிறங்கும் சத்தம் கேட்கக் கேட்க என்னால் உட்கார முடியவில்லை.

3. சரியாக இரண்டு மடங்கு

பழைய ஷேர்களுக்கு வரிச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் அந்த ஷேர் தொட்ட உச்ச விலையை, நாம் வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அது விற்ற விலையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேல் கிடைத்ததுதான் லாபம். சார் எல்லோரும் பார்க்கும் ஒரு வெப்சைட்டில் அந்த நாள் விலையைப் பார்த்து 606 என்று போட்டிருந்தார். 860-இல் 606 போனால் ஒரு ஷேருக்கு 254 லாபம். கூட்டல் கழித்தலை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். தப்பில்லை.

கணக்கில் தப்பில்லை என்றால் விலையைத்தான் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அந்த நாளின் பாவ் காப்பியைத் திறந்தேன். உச்ச விலை 1,212 என்று இருந்தது.

எனக்கு வந்த முதல் நினைப்பு, நான்தான் தப்பான ஃபைலைத் திறந்துவிட்டேன் என்பது. தேதியைப் பார்த்தேன். கம்பெனி பெயரைப் பார்த்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே 1,212. அப்புறம்தான் உறைத்தது: 606-இன் சரியாக இரண்டு மடங்கு. கை தவறி வருகிற தப்பு இவ்வளவு சுத்தமாக இருக்காது.

வெப்சைட்டில் அந்தப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: போனஸ், ஸ்பிளிட் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்திய விலை. அக்காவின் ஷேர்கள் இருக்கும் டீமேட் கணக்கின் ஸ்டேட்மென்டைப் புரட்டினேன். 2018-க்குப் பிறகு ஒரு நாள் அந்தக் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது ஒவ்வொரு ஷேருக்கும் இன்னொரு ஷேர் இலவசமாக, கொடுத்திருந்தது. ஆயிரத்து ஐநூறு ஷேர் மூவாயிரமாகியிருந்தது. எண்ணிக்கை இரண்டு மடங்கானதால், வெப்சைட்டு பழைய விலைகளையெல்லாம் பின்னோக்கிப் போய்ப் பாதியாக்கிவிட்டது. பாவ் காப்பி அன்றைக்கு எழுதியது. அதை யாரும் பிறகு தொடவில்லை.

சொட்டு மருந்தும் சிரப்பும்தான். பெயர் ஒன்று, பாட்டில் வேறு.

ஆனாலும் சாரின் மேஜைக்கும் என் நாற்காலிக்கும் நடுவே இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். முப்பது வருட அனுபவம் அவருக்கு. எனக்குச் சின்னக் குழந்தை, தாமதமாக வந்த நாட்கள் ஏராளம். மூன்றாவது முறை நின்றேன்.

"சார், ஒரு சந்தேகம்."

"உனக்குச் சந்தேகம் இல்லாத நாள் எது?"

பாவ் காப்பியை அச்சிட்ட காகிதத்தை நீட்டினேன். பார்த்தார். "இது போனஸுக்கு முன்னாடி ரேட்டும்மா. ஆயிரத்தைந்நூறை ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டால பெருக்கினாலும், மூவாயிரத்தை அறுநூத்தி ஆறால பெருக்கினாலும் ஒண்ணுதானே? நூறு ரூபா நோட்டு ஒண்ணு, அம்பது ரூபா நோட்டு ரெண்டு."

அவர் சொன்னது சரிதான். திரும்பி இரண்டு அடி வைத்துவிட்டேன். அப்போதுதான், இரண்டு நோட்டில் அக்கா ஒன்றைத்தானே கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது.

"சார், எல்லாத்தையும் வித்திருந்தா ஒண்ணுதான். அவங்க பாதிதானே வித்திருக்காங்க? டீமேட்ல முதல்ல வந்ததுதான் முதல்ல போகும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அப்ப வித்தது பூராவும் பழைய ஷேரு. அதுக்கு அன்னைக்கு நிஜ விலை ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டு. போனஸ் ஷேரு அப்படியே இருக்கு."

மணி சார் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவை எடுத்தார். 1,212 என்று எழுதினார். பக்கத்தில் 860 என்று எழுதினார். இரண்டில் சிறியதைச் சுழித்தார். 860-இல் 860 கழித்தார். அந்தப் பூஜ்யத்தின் மேல் பேனாவால் இரண்டு முறை வட்டம் போட்டார்.

"அந்த அம்மாவுக்கு போனைப் போடு" என்றார். "நீயே பேசு. கண்டுபிடிச்சது நீ."

4. பூஜ்யம்

"பூஜ்யமா? ஏட்டி, வெளாடாத. நான் ஏற்கெனவே வயிறெரிஞ்சு கெடக்கேன்."

"நிஜமாத்தான்க்கா. இந்த வித்ததுக்கு வரி இல்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. மிச்சம் இருக்கிற ஆயிரத்தைந்நூறும் போனஸா வந்தது. அதுக்கு வாங்கின விலைன்னு ஒண்ணும் கிடையாது. நாளைக்கு அத வித்தா, வந்த பணம் பூராவும் லாபம்னுதான் கணக்கு. அப்ப வரி ஜாஸ்தி வரும். இப்பவே சொல்லிட்டேன்."

"அத விக்கும்போது பாத்துக்கிடுவோம். இப்பவே ஏன் பயங்காட்டுத?" மெஷின் சத்தத்துக்கு மேலே யாரையோ கூப்பிட்டுக் கத்தினார்: "ஏலே, அந்த மூலைய காலி பண்ணுங்கல! சனிக்கெழம புது மெஷினு வருது!" பிறகு என்னிடம், "ஒங்க சார்ட்ட சொல்லு, அவருக்கு ஒரு பை தச்சுத் தாரேன். ஒனக்கு ரெண்டு" என்றார்.

போனை வைத்ததும் அக்காவின் ரிட்டர்னைத் திறந்து 606-ஐ அழித்துவிட்டு 1,212 என்று அடித்தேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய விலை என்று ஒன்றே ஒன்று கிடையாது. போட்ட பணம் இத்தனை வருடத்தில் எத்தனை மடங்காகியிருக்கிறது என்று பார்க்கத் திருத்திய விலைதான் சரி. திருத்தாத விலையை வைத்துப் பார்த்தால், போனஸ் வந்த நாளில் ஷேர் பாதியாக விழுந்துவிட்டதுபோலத் தெரிந்து பயந்துபோவீர்கள். வரிக்கு அப்படியில்லை. அன்றைக்கு நிஜமாக நடந்த விலை வேண்டும். எந்த விலையைப் பார்த்தாலும், இது எந்தப் பாட்டில் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். சந்தேகப் பிராணி என்று என்னை எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். அன்றிலிருந்து நினைப்பதில்லை. இந்தக் குறிப்பில் உள்ள எண்களைக்கூட மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அன்று மாலை மணி சார் சொல்லாமல் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் காப்பி, மறு கையில் காகிதப் பொட்டலம். என் மேஜையில் வைத்துப் பிரித்தார். இரண்டு பாவ்.

"நேத்துதில்ல, இன்னிக்குதுதான்" என்றார். ஒன்றைத் தொட்டுக் காட்டினார்: "இது ஒரிஜினல்." மற்றதைத் தொட்டார்: "இது போனஸ்."

முதலில் வந்ததை அங்கேயே சாப்பிட்டேன். போனஸை மகளுக்கு எடுத்துக்கொண்டு தாராவிக்கு நடந்தேன்.