எட்டு சக்கரம், எட்டு ஞாயிறு

வளர்ந்த மனிதர்களின் காலில் சக்கரத்தைக் கட்டி நிற்க வைப்பதுதான் என் பிழைப்பு. நீச்சல், சைக்கிள், கார் என்று பெரியவர்களுக்கு எதையாவது சொல்லிக் கொடுத்துத் தொண்டைத் தண்ணி வற்றியவர்களே, நீங்கள்தான் என் சொந்தக்காரர்கள், உங்களுக்குத்தான் இது புரியும். குழந்தை விழுந்தால் அழுதுவிட்டு எழுந்து ஓடிவிடும். பெரியவர்களோ விழுந்ததும் யார் பார்த்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் திடலில் ஞாயிறு காலைகளில் இவர்களோடுதான் மாரடிக்கிறேன். அதில் எட்டு ஞாயிறுகளை மட்டும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

வாய் செய்த வேலை

முருகேசன் அண்ணன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். துவாஸில் தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருக்கிறார். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ரயிலேறி, எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்கே வந்து நின்றார். புதுக்கோட்டைப் பக்கம் அவர் ஊரில், எட்டு வயது மகள் யாழினி ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "உனக்குத் தெரியுமாப்பா?" என்று வீடியோ காலில் கேட்டிருக்கிறாள். மனிதர் சும்மா இருந்திருக்கலாம். "சிங்கப்பூர்ல இதெல்லாம் சாதாரணம். லீவுல வர்றப்ப உன் கையப் பிடிச்சு ஓட்டுறேன் பாரு" என்று அள்ளி விட்டுவிட்டார். லீவுக்கு இன்னும் எட்டு ஞாயிறுதான்.

"இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது போட்டிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"காலால தொட்டதுகூட இல்ல மேடம். எம்மககிட்ட நான் பொய் சொன்னதே இல்ல, இதப் பொய்யா ஆக விட்றாதீங்க."

முதல் பாடம்

என் வகுப்பில் முதலில் விழத்தான் கற்றுத் தருவேன். நிலை தடுமாறினால் உடனே முட்டியை மடித்து உடம்பைத் தாழ்த்தி, முட்டிக் கவசத்தில் முன்பக்கமாக இறங்க வேண்டும். பிறகு கை, விரல்கள் மேலே தூக்கியபடி. பின்பக்கமாக விழுந்தால் ஒரு வாரத்துக்கு நாற்காலியில் உட்கார முடியாது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வரும் சாந்தி அக்கா, ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி, "நான் பார்க்காத எலும்பு முறிவா லா" என்று சொல்லித் தொப்பு தொப்பென்று ஆசையாக விழுந்து காட்டினார். முருகேசன் அண்ணனோ ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். எங்கள் வாரையும் இழுத்துப் பார்த்தார். பிறகு விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். விழச் சொன்னால் மட்டும் விழவில்லை.

"மேடம், பதினோரு வருஷமா விழாம இருக்கணும்னு மட்டும்தான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்ப திடீர்னு விழச் சொன்னா உடம்பு கேக்க மாட்டேங்குது."

கண்ணாடியை உடைத்தவர்

மூன்றாவது ஞாயிறு அண்ணன் ஆறு தடவை விழுந்தார், ஆறும் பின்பக்கம். முகம் வாடிவிட்டது. தேற்றுவதற்காக ஒரு பழைய கதையைச் சொன்னேன். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் ஒருவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, வயலினையும் வாசித்துக்கொண்டே ஒரு விருந்துக்குள் உருண்டு வந்தாராம். அந்தக் காலத்துச் சக்கரத்தில் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. நேரே போய்ப் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார். கண்ணாடி, வயலின், ஆள் மூன்றுக்கும் சேதம். நூறு வருஷம் கழித்துத்தான் அமெரிக்காவில் ஒருவர் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வைத்து, உடம்பைச் சாய்த்தால் திரும்புகிற மாதிரி செய்தார். அண்ணன் காலில் இருந்ததும் அந்த ரகம்தான். யாழினி சக்கரம் போட்டு நிற்கும் போட்டோவைப் பார்த்து அதே மாதிரியைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அண்ணன் பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டார்.

"நான் பரவால்ல மேடம். எங்கையில வயலின் இல்ல."

காலில் பட்டது

ஐந்தாவது ஞாயிறு நான் பொறுமையை இழந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வித்தை முழுக்க முட்டியில்தான் இருக்கிறது. முட்டி மடங்கினால் பாரம் முன்னால் வரும். விறைத்தால் பாரம் குதிகாலுக்குப் போய் ஆள் மல்லாந்துவிடுவார். "முட்டி, முட்டி" என்று கத்திக் கத்தி, கடைசியில் "நீங்க என்ன, வளையவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மறுபடி எழுந்து நின்றார், முட்டி விறைத்தபடியே.

ஆறாவது ஞாயிறு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நான் என் சக்கரத்தில் பின்னோக்கிப் போனேன். மெல்லக் கையை விட்டேன். உடனே அவருடைய சக்கரம் என் காலில் இடித்தது. நம் ஆட்களின் கால் இன்னொருவர் மேல் பட்டுவிட்டால் என்ன நடக்கும்? அதுவும் சொல்லிக் கொடுப்பவர் மேல் பட்டுவிட்டால்? "ஐயையோ மேடம்!" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார். முட்டி மடங்கியது, பாரம் முன்னால் வந்தது. நான் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறேன், அவர் கையை நீட்டியபடி என் காலைத் துரத்திக்கொண்டே வருகிறார். நாலடி தாண்டாத மனிதர் திடலின் அந்த மூலை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. சாந்தி அக்கா திடலே அதிரக் கத்தினார்:

"நிமிராதீங்க தம்பி! அப்படியே மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போங்க!"

தேக்காவில் ஒரு மதியம்

ஏழாவது ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அண்ணன், சாந்தி அக்கா, நான் மூன்று பேரும் தேக்கா சந்தையில் சாப்பிடப் போனோம். கூட்டம் என்றால் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை அல்லவா. யாழினிக்குக் கைக்கவசம் வாங்கிக்கொண்டு வந்த அண்ணன், தோசையைப் பிய்த்தபடி, நான் கேட்காமலே சொன்னார். மகள் வளர வளர போனில் பேச ஒன்றும் இல்லாமல் போகிறதாம். சாப்பிட்டியா, படிச்சியா, அம்மாகிட்ட குடு. அவ்வளவுதானாம். போன லீவில் பக்கத்தில் உட்கார்ந்தும் அதே முதல் இரண்டு கேள்விதானாம். சாந்தி அக்கா தன் வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"அவளும் நானும் சேந்து செய்ய ஒண்ணே ஒண்ணு வேணும் மேடம். அதான் வாய் தவறி அப்படிச் சொல்லிட்டேன் போல."

வீடியோ

எட்டாவது ஞாயிறு திடலை மூன்று சுற்று வந்தார். இரண்டு தடவை விழுந்தார், இரண்டும் முன்பக்கம். அடுத்த வாரம் ஊருக்குப் போனார். நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, சாந்தி அக்கா தினமும் "ஏதாச்சும் வந்துச்சா?" என்று போன் போட்டார்.

ஐந்தாம் நாள் வீடியோ வந்தது. அவர் மனைவி எடுத்தது போல, ஒரே ஆட்டம். சிமெண்டுத் தளத்தில் குட்டிப் பெண் ஒருத்தி நிற்கிறாள், பக்கத்தில் அண்ணன். நாலைந்து அடி நன்றாகத்தான் போனார். பிறகு தடுமாறி முட்டி போட்டு இறங்கிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பா, அப்பா உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இதெல்லாம் இப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்றார். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் முன்னால் அழகாக நின்றாள், கையை நீட்டினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா, வீடியோ கால்ல ஒரு நாள்கூட நீ ஓட்டிக் காட்டலையே. பரவால்ல, எந்திரி, நான் உன் கையப் பிடிச்சுக்கிறேன்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் பெருமைப்படும் ஒரே மாணவர் இன்னும் சரியாக பிரேக் போடத் தெரியாதவர், அந்த மனிதரை என் திடலுக்கு அனுப்பிய புண்ணியவான் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.